கொண்டியைத் திறந்த பசு

தொண்ணூறுகளின் நடுவில், களக்காட்டுப் பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் செயல் அலுவலர். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பிறப்பு இறப்புப் பதிவு இவற்றோடு ஒரு பவுண்டும் என் பொறுப்பில் இருந்தது. அடுத்தவர் தோட்டத்தில் மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் தொழு அது. சுற்றிலும் இரும்புக் கம்பிகள், ஒரு கம்பிக் கதவு, கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி. மேலே தூக்கினால் திறந்துகொள்ளும். உள்ளேயிருந்து மாட்டின் மூக்கும் கொம்பும் எட்டாத தூரத்தில் வைத்திருந்தார்கள். பூட்டு வாங்க அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோப்பு பணியில் தொடர்ந்தது.

ஒரு நாள் காலை, ஏத்தன் வாழை போட்டிருந்த ஒருவர் ஒரு செவலைப் பசுவை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாட்டுக்காரி ஓடிவந்தாள். நாலைந்து வீடுகளுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள்.

"சார், இது மூணாவது தடவை. வேணும்னே அவுத்து விடுதா. என் வாழைக்கன்னைத் தின்னுதான் இவ மாடு பால் கறக்கு."

"அண்ணாச்சி, பொய் சொன்னா நாக்கு அழுகிரும். வீட்டுத் தொழுவுல கொண்டியப் போட்டுட்டுத்தான் படுத்தேன். அது குச்சியக் கவ்விக் கொண்டியத் தூக்கிருது. நான் என்ன செய்ய?"

"ஆமா, நாளைக்குச் சாவி கேக்கும்" என்றார் வாழைக்காரர்.

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். போதாததற்கு, "பள்ளிக்கூடத்துல எடம் கேட்டு மனு எழுதிக் குடும்மா" என்றேன்.

மாட்டை மீட்க அபராதத்தோடு ஓர் உறுதிமொழியும் வேண்டும். 'எனது கவனக்குறைவால் மாடு வெளியேறியது' என்று தொடங்கும் அச்சிட்ட தாள். கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். ஏழு நாளுக்குள் போடாவிட்டால் எட்டாம் நாள் ஏலம். அவள் எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

"இதுல போட்டா அவரு சொன்னது நெசம்னு ஆயிரும்லா? களவாணிப் பேரோட எந்த வீட்டுல போயிப் பால் ஊத்த? மாடு தொறந்துச்சுன்னு எழுதுங்க ஐயா, போடுதேன்."

"அப்படி எழுத இதுல எடம் இல்லம்மா."

தினமும் புல்கட்டோடு வந்தாள். மாட்டைக் கறந்துவிட்டுப் போகும்போது என் ஜன்னல் பக்கம் நிற்பாள். "இன்னைக்காவது எழுதுவியளா?" என்பாள். "இன்னைக்காவது போடுவியா?" என்பேன். அவளுக்கு இருந்தது ஒரே மாடு. எனக்கு இருந்தது ஒரே படிவம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பதிவேட்டைச் சரிபார்க்கப் பவுண்டுக்குப் போனேன். காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். பசு தரையில் கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை வாயால் எடுத்தது. கழுத்தை வளைத்து, அதன் நுனியால் தொடையின் பின்புறத்தைச் சாவகாசமாகச் சொறிந்துகொண்டது. பிறகு கதவருகே வந்து கம்பிகளுக்கு இடையில் குச்சியை வெளியே நீட்டியது. கொண்டிக்குக் கீழே கொடுத்துத் தலையைச் சாய்த்தது. குச்சி வழுக்கியது. கீழே போட்டு, வேறு இடத்தில் கவ்வி எடுத்து, மறுபடி நீட்டியது. கொண்டி மேலே போனது. கதவு திறந்தது.

துறைத் தேர்வுகள் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தேறியவன் நான். பசு இரண்டாம் தடவையில் தேறியது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். அச்சிட்ட வாசகத்தை அடித்து, ஓரத்தில் 'நேரில் கண்டேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். விதியில் அதற்கு இடம் உண்டு. இல்லை என்று அவளிடம் சொன்னது பொய். ஆனால் அந்தத் தாள் தணிக்கைக்குப் போகும். அன்று என் அலுவலகம் சிரித்த சிரிப்பை மாவட்ட அலுவலகம் சிரிக்கும், இந்த முறை என்னைப் பார்த்து. பசுவை உள்ளே தள்ளிக் கதவை மூடினேன். காவலாளி வந்ததும், "கொண்டியில கம்பியச் சுத்தி முறுக்கும் வே" என்றேன்.

"நீங்களும் பாத்துட்டியளா சார்?" என்றார். "வந்த அன்னைக்கே ரெண்டு மட்டம் தொறந்துட்டு. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

பதிவேட்டில் 'கதவு பலப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். அதுவும் உண்மைதான்.

எட்டாம் நாள் ஏலத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். கேரளாவுக்கு அடிமாடு ஏற்றுகிறவர் எடுத்தார். அவள் வழக்கம்போலப் புல்கட்டோடு வந்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. காவலாளி கதவைத் திறக்கக் குறடால் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளாப் பாக்கேன், எதுக்கு ஐயா கம்பி? மாடுதான் தொறக்காதே" என்றாள்.

காவலாளி தலையை நிமிர்த்தவில்லை. நான் ஏலப் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டினேன். பசுவை லாரியில் ஏற்றினார்கள். அவள் புல்கட்டை அதன் முன்னால் பிரித்துப் போட்டுவிட்டு, பால் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி நடந்து போனாள்.

பின்பலகையை மேலே தூக்கிக் கொண்டி மாட்டினார்கள். அதற்கு முன்னால் லாரியின் தளத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தேன், எங்காவது ஒரு குச்சி கிடக்கிறதா என்று. சுத்தமாகக் கூட்டியிருந்தார்கள்.