நீலச் சுவிட்சைக் கழற்றிய வாரம்

கீபோர்ட் பற்றி என்னிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று கல்முனையில் என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். கலியாணக் கார்ட் அடிக்க வந்த ஒரு மனிதரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, அவர் வீட்டில் இருக்கும் ரப்பர் கீபோர்ட் ஏன் குப்பை என்று விளக்கியிருக்கிறேன். அவர் பாவம், மாப்பிள்ளையின் பெயரில் பிழை வந்துவிடக் கூடாது என்று சொல்ல வந்தவர். கடைசியில் பிழை வந்தது. அதையும் நான் கீபோர்ட்டின் தலையில்தான் போட்டேன்.

என் கொள்கைகள் இவை. நல்ல கீபோர்ட் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தனியாக ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். நீலச் சுவிட்ச் அழுத்தும்போது டிக் என்று சத்தம் போடும். பழுப்பு சத்தம் போடாது, நடுவில் ஒரு சின்னத் தடக்கு விரலுக்குப் படும். சிவப்பில் தடக்கும் இல்லை, நேரே கீழே போகும். சிவப்பிலேயே சத்தத்தை முழுதாக அடக்கிய வகை ஒன்று உண்டு. நீலம் வாங்குகிறவன் தான் வேலை செய்வது ஊருக்கே கேட்க வேண்டும் என்று நினைப்பவன். பழுப்பு வாங்குகிறவன் முடிவெடுக்கத் தெரியாதவன். சத்தமில்லாத சிவப்பைப் பிரித்து, உள்ளே மெல்லிய தூரிகையால் கிறீஸ் பூசி, அடியில் பஞ்சு வைத்து மூடுகிறவன்தான் விஷயம் தெரிந்தவன். இதையெல்லாம் நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்வதைப் போல் சொல்லித் திரிந்தேன்.

யாழ்ப்பாணம், கொழும்பு, கட்டார் என்று பல இடத்திலும் இருக்கிற, இதே கிறுக்குப் பிடித்த ஆட்களின் குழு ஒன்று போனில் இருந்தது. பக்கத்தில் இலக்கத் தட்டு வேண்டுமா வேண்டாமா என்று மூன்று நாள் சண்டை பிடிப்போம். கடற்காற்றில் ஸ்பேஸ் பாருக்கு அடியில் இருக்கும் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று நான் படம் போட்டால், மையத்து வீட்டுக்கு வந்தவர்களைப் போல் துக்கம் விசாரிப்பார்கள். எழுத்து ஒழுங்கு என்று வந்தால் சண்டை இன்னும் மோசம். நான் தமிழ்99 கட்சி. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், மூளைக்கு ஒத்த முறை. பழைய தட்டச்சு மெஷினிலிருந்து வந்த பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு அதற்குப் பிறகு எழுத்தை அடிக்க வேண்டும். அதைப் பிடித்துத் தொங்குகிறவர்களை நான் மனிதராகவே மதிக்கவில்லை.

என் மனைவியோ பாமினிக் கட்சி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வருஷக்கணக்காகத் தட்டச்சு செய்தவள். கீபோர்ட்டைப் பார்க்காமல், வாசலில் போகிற மீன்காரனிடம் விலை கேட்டுக்கொண்டே கடிதம் அடிப்பாள். அவளைத் தமிழ்99க்கு மாற்ற நான் படாத பாடு பட்டேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஒருநாள். "கீபோர்ட்டுக்கு நீங்க குடுக்கிற மரியாதையில பாதிய அதுல அடிக்கிற எழுத்துக்குக் குடுத்தீங்கண்டா, கார்ட்ல பிழை வராது."

அவள் குரல் பெரியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நானும் அப்படிப் போய்ச் சேர்ந்தவன். அந்த வீட்டில் அவள் சமையலறையில் நின்று கதைத்தால் கேற்றில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அந்தக் குரல்தான் தொண்டையில் வந்த புற்றுநோயோடு போனது. கொழும்பில் ஒபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரத்தால் மூச்சு விட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். உயிர் தப்பியதே போதும் என்று எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவளுக்காக ஹோலில் ஜன்னலோரம் ஒரு மேசை போட்டேன். பெரிய திரை, அதில் தூரத்திலிருந்தும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்து. கீபோர்ட்டுக்கு நீலச் சுவிட்ச் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அந்த டிக் சத்தம் அலுவலகத்து ஞாபகம். இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லாரும் கதையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கப் பழகிவிட்டோம். அவள் கதைக்கப் போகிறாள் என்பது எங்களுக்கு அந்தச் சத்தத்தால்தான் தெரியும். எங்களுக்கு ஒரே மகள். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஹொஸ்டலிலிருந்து என்னோடு போனில் கதைக்கும்போதும், "வாப்பா பொறுங்க, உம்மா அடிக்கிறா, என்னெண்டு பாருங்க" என்பாள்.

அந்த மகளைத்தான் என் மூத்த சகோதரி, ராத்தா, தன் மகனுக்குக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வாப்பா மௌத்தான பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் ராத்தா. அவளிடம் நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. "பாப்பம் ராத்தா" என்பேன். என் மனைவி திரையில் "முதல்ல படிப்பு" என்று அடிப்பாள். அதற்கும் "பாப்பம்" என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கதைப்பதாக ராத்தா சொல்லியனுப்பினாள். அவளுடைய குடியின், அதாவது தாய்வழி வம்சத்தின், மரைக்காரும் வருவார் என்றாள். மரைக்கார் என்றால் பள்ளிவாசலில் அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுகிற பெரிய மனிதர். எனக்கு உடனே வந்த கவலை என்ன தெரியுமா? அந்த டிக் டிக் சத்தம். மரைக்கார் முன்னால் என் பொஞ்சாதி பழைய ஒபிஸ் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார் என்று வெட்கம் வந்தது. வெட்கம் என்று என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்குத் தரமான ஒன்றைச் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்கக் கடையைப் பாதி மூடிவிட்டு வேலை செய்தேன். கட்டாரிலிருந்து வந்த சத்தமில்லாத சிவப்புச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிறீஸ் பூசி, மறுபடி பூட்டினேன். வியாழக்கிழமை பகல் நீலத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு இதைப் போட்டேன். அழுத்திப் பார்த்தால் விரல் மேசைமேல் பட்டதைப் போல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சின்ன வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். "மச்சான், இது கீபோர்ட்டா காத்தா" என்று ஒருவன் எழுதினான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கலியாணத்தன்றும் வந்ததில்லை.

மனைவி உட்கார்ந்து அடித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றும் அவள் அடிப்பது தெரியவில்லை. திரையைப் பார்த்த பிறகுதான் கண்டேன்.

"சத்தத்தக் காணல்லியே."

"அதுதானே புள்ள அழகு."

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

"பழகிரும்," என்றேன்.

மகள் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜும்ஆத் தொழுகைக்கு நான் போயிருந்த நேரம் உம்மாவும் மகளும் அறைக்குள் இருந்து கதைத்திருக்கிறார்கள். மகள் கதைக்க, உம்மா கொப்பியில் எழுதியிருக்கிறாள். அதில் என்ன நடந்தது என்று எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ராத்தாவின் மகனைத் தனக்கு விருப்பமில்லை, கடைசி வருஷம் முடித்து மேலே படிக்க வேண்டும், வாப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது என்று மகள் அழுதிருக்கிறாள். நீ பயப்படாதே, எல்லார் முன்னாலும் நான் சொல்கிறேன் என்று உம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அஸருக்குப் பிறகு வந்தார்கள். நானும் மரைக்காரும் ஒரு பக்கம், ராத்தாவும் அவள் புருஷனும் எதிரே. என் மனைவி ஜன்னலோரம் தன் மேசையில். மகள் வழக்கப்படி உள்ளறைக் கதவுக்குப் பின்னால். மரைக்கார் வேளாண்மை பற்றிக் கதைத்தார், வாய்க்காலில் தண்ணீர் வராதது பற்றிக் கதைத்தார், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ராத்தா நான் சின்னப் பிள்ளையாக இருந்த கதையைத் தொடங்கிக் கண்ணைத் துடைத்தாள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். யாருமே ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்புவதற்குக் காரணம் இருக்கவில்லை.

"அப்ப எல்லாருக்கும் பொருத்தம்தானே," என்றார் மரைக்கார். "நல்ல காரியத்த இழுத்துக்கிட்டு இரிக்கப்படாது. ஒரு ஃபாத்திஹாவ ஓதி முடிச்சிருவம்."

ஓதினோம். எங்கள் ஊரில் சபையில் ஃபாத்திஹா ஓதிவிட்டால் வார்த்தை கொடுத்தாயிற்று. பிறகு அதை மாற்றுவது என்றால் இரண்டு குடும்பம் மட்டுமல்ல, இரண்டு குடியே முகம் பார்க்காது.

திரையில் இருந்தது இது.

"நிப்பாட்டுங்க. புள்ளைக்கு விருப்பமில்ல. அவ படிக்கணும். நிப்பாட்டுங்க. இஞ்ச பாருங்க. இஞ்ச பாருங்க. இஞ்ச பாருங்க."

ராத்தா என் மனைவியைக் கட்டிப்பிடிக்க எழும்பினாள். அவள் மேசைக்கு வருவதற்குள் நான் போய் எல்லாவற்றையும் அழித்தேன். அழிக்கும்போதும் சத்தம் வரவில்லை. மனைவியின் கை என் கையைப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது.

அன்று சாயந்தரம் மகள் அறையை விட்டு வெளியே வந்து உம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து உம்மாவுக்குத் தேவையானதெல்லாம் செய்தாள், மருந்து கொடுத்தாள், துவாரத்தைத் துப்புரவாக்கினாள், ஆனால் கதைக்கவில்லை. உம்மா கொப்பியை நீட்டினால் வாசிக்காமல் மூடி வைத்தாள். நிக்காஹ் அன்று வலி, அதாவது பெண்ணின் பொறுப்பாளர், என்ற முறையில் சம்மதம் கேட்க நான்தான் போனேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றாள். உம்மாவே ஒன்றும் சொல்லாதபோது தான் எதைச் சொல்வது என்று நினைத்திருப்பாள். நான் சாட்சிகளிடம் வந்து சம்மதம் என்று சொன்னேன்.

மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கெட்டவன் இல்லை. மகளின் படிப்பு கடைசி வருஷத்தில் நின்றது. அவளிடம் ஒரு பெருமூச்சுகூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மேசையில் சாப்பாடு வைத்துவிட்டு, பல்கலைக்கழகம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாததைப் போல் போவாள்.

ஃபாத்திஹாவுக்கு அடுத்த நாளே நான் நீலச் சுவிட்சுகளைத் திரும்பப் போட்டுவிட்டேன். மனைவி அதைத் தொடவில்லை. ஒரு தடவை அவள் விரலைப் பிடித்துக் கீபோர்ட் மேல் வைத்தேன். கையை உருவிக்கொண்டாள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் கிளாஸைத் தூக்கிக் காட்டுவாள், வலி என்றால் கழுத்தைக் காட்டுவாள். வேறு எதையும் அவள் எனக்குச் சொல்வதில்லை. குழுவை விட்டு நான் வெளியேறினேன். யாராவது எந்தச் சுவிட்ச் நல்லது என்று கேட்டால் எதையாவது வாங்குங்கள் என்கிறேன். பாமினியா தமிழ்99ஆ என்ற கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிறேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்து வைத்திருந்த ஒரே விஷயத்தால் என் வீட்டை நாசமாக்கினேன் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அழுதேன். அழுவது சுலபமாக இருந்தது, ஏனென்றால் குற்றம் சுவிட்சில் இருந்தது.

போன மாதம் மகள் ஹோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தைக்குத் தொட்டில் போட இடம் வேண்டும்.

"இந்த மேசய எடுத்திருவமா வாப்பா? உம்மாதான் அடிக்கிறல்லியே," என்றாள். கூட்டிக்கொண்டே, "அண்டைக்கும் அடிக்கல்ல. நான் கதவுக்குப் பின்னால காத வெச்சிக்கிட்டே நிண்டன். ஒரு டிக் கூடக் கேக்கல்ல," என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான். கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புச் சுவிட்ச், கிறீஸ், பஞ்சு, போனில் இன்னும் இருந்த வீடியோ. அதைப் போட்டுக் காட்டினேன். என் விரல்கள் சத்தமில்லாமல் ஓடுவதை அவள் பார்த்தாள். திரையில் உம்மா எழுதியிருந்ததை எழுத்துக்கு எழுத்து சொன்னேன். எனக்கு மறக்கவில்லை.

மகள் போனை என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு கேட்டாள்.

"நீங்க எப்ப பாத்தீங்க வாப்பா? ஓத முந்தியா, ஓதினதுக்குப் பொறகா?"

அன்று ஓதுவதற்கு மரைக்கார் கைகளை ஏந்தச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். திரையை முழுக்க வாசித்தேன். மனைவி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ராத்தா கைகளை ஏந்திவிட்டாள். நானும் ஏந்தினேன்.

"பொறகுதான் மகள்," என்றேன். "ஓதினதுக்குப் பொறகு."

அவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உம்மாவின் அறைக்கு ஓடினாள். நான் கதவடியில் போய் நின்றேன். கட்டிலில் உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க உம்மா, நீங்க அடிச்சிரிக்கீங்க, வாப்பா காணல்லியாம்" என்று அழுதாள். பிறகு தலையைத் தூக்கி, "அப்படித்தானே உம்மா? வாப்பா பொறகுதானே கண்டாரு?" என்று கேட்டாள்.

மனைவி மகளின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். ஓம் என்று தலையை ஆட்டினாள்.