நாற்பதாவது நிமிடம்

அப்போதெல்லாம் அச்சகத்துக் கணினி பாதி மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் பெட்டிக்குத் தூசி படக்கூடாதென்று தையல்கார அண்ணன் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். வேலை நடக்கும்போதும் கழற்ற வேண்டாத சட்டை மாதிரி உறை. பொத்தானுக்கு ஒரு துளை, பின்னால் வயர்களுக்குக் காஜா எடுத்த துளைகள், சுற்றிலும் இரட்டைத் தையல். கணினி பழுதுபார்க்கும் அவர் தங்கை தனியாகப் பொறுப்பேற்ற முதல் கணினி. சும்மா விடுவாரா?

ஒரே மாதத்தில் கணினி அப்படியே உறைந்து நிற்க ஆரம்பித்தது. தங்கை அதைத் தன் கடைக்குத் தூக்கிப்போனாள். மெமரியை மாற்றினாள், வைரஸ் தேடினாள், மூன்று நாள் ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லை. அச்சகத்துக்குத் திரும்பியதும் மறுபடி நின்றது. இரண்டாம் முறையும் அதே கதை.

"உன் கடையில சமத்தா இருக்கு, இங்க வந்தா முரண்டு பிடிக்குது. மாமியார் வீடுன்னு நினைச்சிடுச்சா?" என்று சிரித்த அச்சக முதலாளி, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தாம்மா. அப்புறம் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர் கைவிட்டால் அந்தத் தெருவில் வேறு யாரும் அவளைக் கூப்பிடமாட்டார்கள். மத்தியானம் அண்ணன் சாப்பாடு கொண்டுபோனபோது, அவள் எதையும் தொடாமல் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பெட்டியைத் திறக்காம எழுதிட்டு உட்கார்ந்திருக்கே?"

"மூணு தடவையும் சரியா நாற்பதாவது நிமிஷம் நிக்குதுண்ணா. ஏதோ மெல்ல மெல்லச் சூடாகுது."

சொல்லிக்கொண்டே பெட்டியின் முதுகில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றது. அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணனும் தொட்டார். அப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது.

"உள்ள இருக்கற சூடு எது வழியா வெளியே போகும்?"

"பின்பக்கம் விசிறி இருக்குண்ணா."

"அதைத்தான் நான் மூடித் தச்சிருக்கேனா?"

"கடைக்கு எடுத்துட்டுப் போறப்ப உறை அழுக்காகும்னு இங்கேயே மடிச்சு வச்சுடுவேன். கொண்டுவந்ததும் நானே மாட்டிடுவேன். எனக்கும்தானே தோணல."

உறையைக் கழற்றினார்கள். நாற்பது நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம். சாயங்காலம் முதலாளி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா கோளாறு?"

"காத்து போகல சார், சூடாயிடுச்சு," என்று அவள் அதோடு முடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என் தையல்தாங்க கோளாறு. இவ கண்டுபிடிச்சுட்டா."

"பெட்டிக்கு இவ்வளவு கச்சிதமா தைக்கறீங்க டெய்லர், என் சட்டை மட்டும் ஏன் அக்குள்ல பிடிக்குது?" என்றார் முதலாளி. போகும்போது, மறுநாள் இன்னொரு கணினியையும் வந்து பார்க்கச் சொன்னார்.

அந்தக் கணினி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தங்கையின் கடையில் இப்போது நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். உறை மட்டும் அண்ணனின் இழுப்பறையில் இருக்கிறது, அன்றைக்கே பின்பக்கத்தை வெட்டி வலைத்துணி வைத்துத் தைத்தபடி. எடுத்து உதறும்போதெல்லாம், ஒன்றும் சொல்லாமல் அவள் பார்த்த அந்தப் பார்வை அவருக்கு நினைவு வரும்.