முந்திரிக்கொத்துக்கு ஈடு கொடுக்கும் பல்

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், "பந்தியில என்ன வெளம்புவாவ?" என்று கேட்பார் தக்கலைப் பல் வைத்தியர் ஞானதாசன். அசல் பல் செய்து வரும்வரைக்கும் ஒப்புக்கு ஒன்றை ஒட்டிவிடுவதில் அவர் புலி. எதை வைத்து ஒட்டுவது என்பதைச் சாப்பாடுதான் தீர்மானிக்கும். சுடுபாயசம் என்றால் மெழுகு ஆகாது. உருகிப் பல்லும் கூடவே வயிற்றுக்குள் போய்விடும். மேடைப் பேச்சாளருக்கு இறுகப் பிடிக்கும் பசை. "கேக்க வாறவனுக்கு மெழுகு போரும். அவன் எங்க வாயத் தொறக்கப் போறான்?" அவர் ஒட்டும் தற்காலிகப் பல் நம் மந்திரிசபைகளைவிட நீண்ட காலம் நிற்கிறது என்பதில் தக்கலைக்காரர்களுக்குப் பெருமை உண்டு.

தாம் ஒட்டிய பல் எந்த விருந்துக்குப் போனாலும் அதற்குக் காவலாகத் தாமும் போவார். எதிர் இலையில் உட்கார்ந்து, கண்ணைப் பல்லின் மேலும் கையைப் பாயசத்திலும் வைத்திருப்பார்.

போன வாரம் குமாஸ்தா சிவதாணு, சைக்கிளிலிருந்து விழுந்து பாதி ஒடிந்த முன்பல்லோடு வந்தான். மறுநாள் பெண் பார்க்கப் போகவேண்டும். பல வரன்கள் தட்டிப்போய் அமைந்த இடம்.

"முந்திரிக்கொத்து வைப்பாவளோ?"

"வைப்பாவ. தொடாம எந்திச்சா, பொண்ணு பிடிக்கலேன்னு ஆயிரும்."

ஞானதாசன் முகம் கறுத்தது. பயற்றையும் கருப்பட்டியையும் உருட்டிப் பொரித்த அந்தப் பலகாரம், பாகு முற்றினால் கல். துத்தநாகப் பொடியைக் கிராம்பெண்ணெயில் குழைத்து, ஒடிந்த பல்லின்மேல் வெள்ளைத் தொப்பி ஒன்றை ஒட்டினார்.

"மருந்து வாசம் அடிக்கே, டாக்டரே?"

"வெத்தில போட்டேன்னு சொல்லு, மக்கா. முன்பல்லு வச்சுக் கடிச்சியோ, ஒனக்குப் பொண்ணும் போச்சு, எனக்குப் பேரும் போச்சு."

மறுநாள் பெண் வீட்டில், ஞானதாசன் எதிரே காவலிருக்க, பெண்ணின் அத்தை தாணம்மாள் முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

"என்ன மாப்பிள, கையில வச்சு அழகு பாக்கீரு? கடியும்!"

சிவதாணு அதை உதட்டுவரை கொண்டுபோனான். கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

"பொடிச்சுத் தின்னாத்தான் இதுக்கு ருசி, அக்கா" என்று ஞானதாசன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். கைக்குட்டையில் பொதிந்து, சின்னப் பிள்ளைகளைப்போல ஓங்கி ஒரு காக்காய்க் கடி. 'கடக்' என்றது. நொறுங்கியதைச் சிவதாணுவின் கையில் கொட்டினார். எல்லோரும் சிவதாணுவின் வாயையே பார்த்தார்கள்.

அவன் பொடியை நாக்கிலேயே கரைத்து விழுங்கிவிட்டு, முன்பல் பளீரெனச் சிரித்தான். கதவுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு கேட்டது. தாணம்மாள் காப்பி எடுக்க உள்ளே போனாள்.

ஞானதாசன் மட்டும் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, தம் சொந்தக் கடைவாய்ப் பல்லின் பாதியைக் கைக்குட்டையில் உமிழ்ந்து, மடித்து, கோட்டுப் பைக்குள் ஆழச் செருகினார்.