சாயம் போகாத நூல்

2018ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போதுதான் பரிமளாவை முதன்முதலாகச் சந்தித்தேன். திருவிடந்தைக்கு அருகிலுள்ள மீனவர் குப்பத்தில், வீட்டில் ஒழுகாத ஒரே மூலைக்குத் தையல் இயந்திரத்தை நகர்த்திவிட்டு, புத்தம்புதிய பருத்தித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கச் சென்ற நான், துணி பாழாகிறதே என்று பதறினேன்.

"பாழாவல யக்கா, வயசாவுது. சாயங்காலத்துக்குள்ள நூறு வருசம் ஆயிடும்."

அவள் தைத்தவை ஒட்டுத்துணிப் போர்வைகள். நகத்தளவு முக்கோணங்களை இணைத்து, நடுவில் எட்டு முனை விண்மீன் அமையுமாறு ஒரு கட்டம் தைப்பாள். அத்தகைய கட்டங்கள் பல சேர்ந்தால் ஒரு போர்வை. முனைகள் மயிரிழையும் பிசகாமல் பொருந்தும். அதுவே குற்றமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழம்பொருள் கடை வைத்து, அவள் போர்வைகளை நூறாண்டுப் பழையவை என்று விற்றுவந்த பார்த்திபன், இரண்டொரு முனைகளையாவது கோணலாகத் தைக்கச் சொன்னார். கோணலாகத் தைக்கும் அளவுக்குத் தனக்குத் திறமை போதவில்லை என்று அவள் வருந்தினாள்.

அவளுடைய ஆசை ஒன்றே: போர்வையின் மூலையில் தன் பெயர் இருக்க வேண்டும். ஒருமுறை துணிந்து தைத்தும் விட்டாள். பார்த்திபன் கத்தரிக்கோலை நீட்டினார்.

"இன்னா பரிமளா, நூறு வருசத்துப் போர்வைல நீ எங்கிருந்து வந்த? பிரி, பிரி."

பிரித்தாள்.

அடுத்து, பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினால் பழம்போர்வை என்று எவரும் நம்புவதில்லை என்ற குறை எழுந்தது. பழைய பெட்டி தேடும் பொறுப்பும் அவளிடமே வந்தது. சாலையோரக் கடைகளில் இருந்தவை சென்ற மாதம் செய்யப்பட்டு, சங்கிலியால் அடித்துத் தழும்பேற்றப்பட்டவை. "இதுங்கோ நம்ம போர்வைக்குத் தங்கச்சிங்கோ," என்று ஒதுக்கினாள். கடைசியில் அவளுடைய பெரியம்மா மாரியம்மாவின் வீட்டில், உண்மையிலேயே பழைய தேக்குப் பெட்டி கிடைத்தது. மூன்று தலைமுறைகளாக அதில் கருவாடு இருந்தது. தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, வீட்டார் ஒவ்வொருவராகத் தலையை உள்ளே நுழைத்து முகர்ந்து, வாசமே இல்லை என்று உறுதி கூறினர். கருவாட்டின் நடுவே பிறந்து வளர்ந்த மூக்குகள் வழங்கிய சான்று அது.

போர்வைகள் இரண்டு வாரம் அதில் உறங்கின. பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மையார் பெட்டியைத் திறந்த அன்று பரிமளாவோடு நானும் கடையில் இருந்தேன். பார்த்திபன் ஊதுவத்தி தேடி ஓடினார். அம்மையாரோ கண்களை மூடி ஆழ்ந்து முகர்ந்து, இந்தப் பழைமையைப் போலியாகச் செய்ய இயலாது என்று கூறி, பெட்டியோடு போர்வைகளையும் வாங்கினார். அக்கடையில் மெய்யான பழம்பொருள் அந்தப் பெட்டியும் அதன் நாற்றமும் மட்டுமே என்பதால், அவர் கூறியது சரிதான்.

"இவற்றைத் தைத்தது யார்?" என்று கேட்டார்.

"அந்தம்மா பூட்டாங்க மேடம், வெள்ளக்காரன் காலத்துலியே," என்றார் பார்த்திபன், துக்கம் தோய்ந்த குரலில். பெட்டியின் ஒரு பிடியை அவரும் மறுபிடியைப் பரிமளாவும் பற்றி, அதை வண்டியில் ஏற்றினர்.

திரும்பும் வழியில் அவள் இட்லி வாங்கினாள். "பாத்துக்கோ யக்கா, பொணம் நாஸ்தா துன்னுகினு கீது," என்று சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் தையல் இயந்திரம் ஓடவில்லை.

பிறகு வழி கண்டுபிடித்தாள். விண்மீனின் நடுத்துண்டுக்கு அடியில், பஞ்சுக்கு மேலே, வெளியே தெரியாதபடி சிவப்பு நூலால் தன் பெயரைத் தைத்து மூடினாள். "மேல்துணி நைஞ்சாதான் தெரியும். நெசமாவே நூறு வருசம் ஆவட்டும், அப்ப நான் வெளிய வரேன்." அதன்பின் ஒவ்வொரு போர்வையிலும் அவ்வாறே செய்தாள். பார்த்திபன் அவற்றையும் பழம்பொருளாகவே விற்றார்.

சென்ற தை மாதத்தில் நெஞ்சுவலியால் பரிமளா இறந்தாள். அதற்கு முந்தைய வாரம், செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்கு நான் புறப்பட்டபோது, பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தாள்.

"செவப்பு நூலு ஒண்ணு வாங்கினு வா யக்கா," என்றாள். "தேத்தண்ணில முக்குனாலும் சாயம் போவாததா பாத்து."