மிளகு கடிக்காத மூன்று நாட்கள்

மாத்தளையில் நான் வேலை செய்யும் மிளகு ஸ்டோரில், தராசுக்கு மேலே கண்ணாடி போட்ட பலகை ஒன்று தொங்குகிறது. முதலாளியின் வியாபார லைசன்ஸும் மிளகின் தரங்களைக் காட்டும் விளக்கத் தாளும் அதில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் நான்கு வட்டப் படங்கள் அச்சடித்த ஒரு தாள், ஓரம் சுருண்டு, எத்தனையோ வருடமாக இருக்கிறது. படங்கள் இளஞ்சிவப்பாக, ஈரமாக மினுங்கும். எல்கடுவப் பக்கமிருந்து முதல் தடவையாக மிளகு கொண்டுவந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, குகையா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்க ராத்தாவோட குடல்" என்றேன். மனிதர் குடித்துக்கொண்டிருந்த பிளேன் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. நான் கோயில் தெருக்காரி. அவருக்கும் எனக்கும் இரத்த உறவு எதுவுமில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்து மிளகு பார்த்தோம். கூடப் பிறந்தவளோடுகூட நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை, அவ்வளவு சண்டையும் போட்டதில்லை. விற்க வந்த மூட்டையின் வாயைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே நல்ல மிளகைப் பரப்பி, அடியில் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கை மிளகும் மண்ணும் நிரப்பிக் கொண்டுவரும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் கூரான இரும்புக் குழாய் ஒன்றை மூட்டையின் வயிற்றில் குத்தி, நடுவிலிருந்து மிளகு எடுப்போம். ராத்தா அதை உள்ளங்கையில் உருட்டி, மோந்து, இரண்டு மணியைக் கடைவாயில் வைத்து 'டக்'கென்று கடிப்பார். காய்ந்ததா, ஈரமா, எத்தனை நாள் வெயில் கண்டது என்று அந்தக் கடியிலேயே சொல்லிவிடுவார். கடித்ததைத் துப்பினாரா விழுங்கினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

நோன்பு மாதத்தில் மட்டும் ராத்தா மிளகை வாயில் வைக்க மாட்டார். அந்த மாதம் முழுக்கக் கடிக்கும் வேலை என் தலையில் விழும். நாக்கு எரிந்து, இராத்திரிச் சோற்றுக்கு ருசியே தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு மிளகுக் காலத்தில் ராத்தா அடிக்கடி எழுந்து ஸ்டோரின் பின்பக்கம் போகத் தொடங்கினார். முகம் வெளிறியிருந்தது. ஒருநாள் அவருக்குப் பிறகு நான் கழிப்பறைக்குள் போனபோது, கழுவியும் போகாத இரத்தத்தைப் பார்த்தேன். வெளியே வந்து கையைப் பிடித்துக் கேட்டேன். "மூலம் புள்ள, ஒண்ணுமில்ல" என்றார். எத்தனை நாளாக என்றால் பத்து நாள் என்றார்; கண்ணைப் பார்த்துக் கேட்டால் அது நாலு மாதமாகிவிட்டது. நாலு மாதம் எதிரே உட்கார்ந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "என்ட உம்மாவும் இப்பிடித்தான் போனா. வயித்துக் கடுப்புன்னு சொல்லிச் சொல்லியே வெச்சிருந்தாங்க. டாக்டர் பாக்கக்குள்ள எல்லாம் முடிஞ்சு." அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குத் தெரியாமலில்லை, தெரிந்துவிடும் என்றுதான் பயம்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சண்டை போடத் தெரியும். "மேலால பாத்து மூட்டைக்கு வெல சொல்லாதன்னு எனக்கு ஆயிரம் தடவ சொன்னீங்கல்ல? ஊரார் மூட்டையெல்லாம் குத்திப் பாக்கிறவங்க உங்க மூட்டைய மட்டும் ஏன் பாக்காம வெச்சிருக்கீங்க? அடியில மண்ணு இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் கராம்பு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறியா?" என்று கேட்டார்.

டாக்டர் இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். வாய் வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், பின் வழியாகப் பெருங்குடலுக்கு ஒரு குழாய், இரண்டின் நுனியிலும் கேமரா. ராத்தா நல்ல சிங்களத்தில் கேட்டார், "மேலாலயும் ஒண்ணு, கீழாலயும் ஒண்ணு, ரெண்டும் நடுவுல முட்டிக்காதா?" என்று. அந்த டாக்டர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். மூன்று நாளைக்கு வெள்ளைப் பாண் ரொட்டியும் வெள்ளைச் சோறும் மீனும் முட்டையும்தான். கீரை, பழம், விதை, தோல் எதுவும் ஆகாது. கடைசி நாள் தெளிந்த தண்ணீர்ச் சாமான் மட்டும். அதுவும் சிவப்பாக இருக்கக் கூடாது, உள்ளே போய் இரத்தம் மாதிரித் தெரியுமாம். பிறகு பேதிக்கான தூளைக் கரைத்துக் குடிக்க வேண்டும். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ராத்தா தாளை மடித்துப் பைக்குள் போட்டார். "பத்து வயசுல இருந்து நோன்பு புடிக்கிறன். ஒரு நாள் பட்டினியெல்லாம் எனக்கு ஒரு பட்டினியா?" என்றார். நானும் நம்பினேன்.

பரிசோதனை நாளில் நான் அவருடைய கைப்பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள் கலேவெலயில், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், துணைக்கு நான்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். இரைப்பையில் சின்னப் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றார். கீழேதான் சிக்கல் என்று திரையைக் காட்டினார். குடலின் சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக என்னவோ ஒட்டிக்கொண்டு நின்றது. "இவங்க என்ன சாப்பிட்டாங்க? கழுவினாலும் போகுதில்ல, ஒண்ணும் பாக்க முடியல்ல" என்றார். எனக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. உலகத்தில் வேறு எதைத் தெரியாவிட்டாலும் மிளகுத் தோலை எனக்குத் தெரியும். வெட்கத்தில் அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள்.

மயக்கம் தெளிந்ததும் ராத்தா சத்தியம் செய்தார். "ஒண்ணும் திங்கல்ல புள்ள. வெள்ளப் பாணத் தவிர ஒண்ணும் இந்த வாயில போகல்ல."

"மிளகு?"

"அது வேல. கடிக்கிறது திங்கிறதா?"

"அப்ப நோன்பு மாசத்தில ஏன் கடிக்கிறதில்ல?"

இருபது வருடத்தில் ராத்தாவின் வாயை நான் அடைத்தது அந்த ஒரு தடவைதான். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவருடைய முகம் கோணியது. "ரெண்டு கிழமையா? எனக்கு பயமா ஈக்குது புள்ள. உம்மா மாதிரி போயிருவனோ" என்று சொல்லி, கட்டிலில் இருந்தபடியே என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்ததும் சொன்னேன், "அடுத்த தடவ மூணு நாளும் உங்களுக்கு நோன்பு மாசம்னு வெச்சுக்குங்க. பாண் தின்னுங்க, தண்ணி குடிங்க. மிளகு மட்டும் என் வாயில."

அப்படியே செய்தோம். வேலைக்கு வராமல் இருங்கள் என்றால் கேட்கிற ஆளா? வந்தார். கராம்பு மேசையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காட்டின் நுனியால் வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராத்தா தராசுப் பக்கம் இல்லை என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, இரண்டாம் நாளே ஒரு வியாபாரி ஆறு மூட்டையோடு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். நான் குத்தி எடுத்துக் கடித்தேன். காய்ந்த மாதிரித்தான் இருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஈரம்!" என்று கராம்பு மேசையிலிருந்து சத்தம் வந்தது. "இன்னும் ரெண்டு நாள் காயப் போட்டுட்டு வாங்க."

வியாபாரி திகைத்துப் போனார். "நீங்க பாக்கவும் இல்ல, கடிக்கவும் இல்லயே!"

"அவ கடிச்ச சத்தம் கேட்டிச்சு" என்றார் ராத்தா, திரும்பாமலே. இன்னொரு மூட்டையை அடிவரை குத்தினோம். அடியிலிருந்த மிளகு விரலில் ஒட்டியது. எங்கள் முதலாளி கடையில் சிரித்து நான் பார்த்ததேயில்லை. அன்றைக்குக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து ராத்தாவின் வீட்டில் இருந்தேன். தூள் கரைத்த தண்ணீரை நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது, குமட்டிக்கொண்டு வந்தது. கால் மணிக்கு ஒரு கிளாஸ். நான் கடிகாரத்தைப் பார்த்து நீட்டுவேன், அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார், நடுநடுவே வடிகட்டிய இஞ்சி பிளேன் டீயும் தெம்பிலி இளநீரும். பிறகு ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும், மூட்டைக்குத் தரம் சொல்வது போல வாசலில் நின்று அறிவிப்பார். "இன்னும் கலங்கல்." "இப்ப கொஞ்சம் பரவாயில்ல." வெயில் தாழ்ந்த நேரத்தில் உடம்பு துவண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர், பெருநாள் பிறை கண்ட முகத்தோடு, "தெம்பிலித் தண்ணி புள்ள, தெளிஞ்ச தெம்பிலித் தண்ணி!" என்றார். நான் கைதட்டினேன். அதற்குக் கைதட்டிய ஒருத்தி இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாளும் அதே வாங்கு, அதே கைப்பை, மடியில் அதே செருப்பு. கதவு திறக்கும்வரை எங்கள் அம்மனையும் அவருடைய அல்லாஹ்வையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரு கறுப்பு இல்லை. ஆனால் ஒரு மடிப்புக்குள், காம்பும் தலையுமாகக் கராம்பு போலவே ஒன்று நின்றது. போன தடவை அந்தக் கறுப்புக்குள் மறைந்திருந்தது இதுதான், இரத்தம் வந்ததும் இதிலிருந்துதான், கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிட்டோம் என்றார். ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ராத்தா ஸ்டோரில் ஒரு வார்த்தை கூட்டிப் பேசவில்லை. நானும் சண்டை பிடிக்கவில்லை. அந்த நாட்களை எப்படிக் கடத்தினோம் என்று இன்றைக்கும் தெரியாது.

முடிவு வந்த அன்று ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் நேரே ஸ்டோருக்கு வந்து இறங்கினார். தராசுக்கு முன்னால் நின்று, "அல்ஹம்துலில்லாஹ். புற்று இல்ல. விட்டிருந்தா ஆகியிருக்குமாம், விடல்ல!" என்றார். கராம்பு மேசை மொத்தமும் எழுந்து ஓடிவந்தது. அழுகையும் சிரிப்புமாக இருந்த அந்தக் கூட்டத்துக்கு நடுவில் படத் தாளை உயர்த்திப் பிடித்தார். "பாருங்க, நல்லாப் பாருங்க! ஒரு தூசி, ஒரு தோல், ஒரு கல்லு ஈக்குதா? முதல் தரம்!" அவரே போய்க் கண்ணாடியை விலக்கி அதை உள்ளே வைத்தார். முதலாளி தயங்கித் தயங்கி, "நாலு பேர் வந்து போற எடம்" என்றார். "உங்கட லைசன்ஸ் தொங்குது. இது என்ட லைசன்ஸ், உசிரோட ஈக்கிறதுக்கு" என்றார் ராத்தா. அதன் பிறகு யார் சொல்லி எடுப்பது! அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே கராம்பு மேசையில் மூன்று பேர், மறைத்து வைத்திருந்த நோயோடு டாக்டரிடம் போனார்கள்.

இப்போது ராத்தா கலேவெலயில் மகளோடு இருக்கிறார். பிறகு பார்த்த பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. இந்த வருடம் என் முறை வந்தது. வயிற்றெரிச்சல், இடையிடையே இரத்தம். ஆறு மாதம் ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைத்தேன். ஆமாம், நானேதான், அவ்வளவு கத்தியவள்! ஊருக்குத்தான் உபதேசம். கடைசியில் டாக்டரிடம் போய், அதே பரிசோதனைக்கு நாள் குறித்த செய்தி எப்படியோ காதுக்கு எட்டி, ஒரு காலையில் கலேவெல பஸ்ஸிலிருந்து ராத்தா இறங்கி வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னை எழுப்பிக் கராம்பு மேசைக்கு அனுப்பிவிட்டு, என் கதிரையில் உட்கார்ந்து, மூன்று நாளும் எனக்காக மிளகு கடித்தார். பல் இரண்டு போயிருந்தது. தீர்ப்பில் ஒன்றும் போகவில்லை.

போன கிழமை என் படங்கள் வந்தன. மூலம் மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை ஊர் திரும்பாமல் இருந்த ராத்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து, நான்கு படங்களையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பலகையைத் திறந்து, தன்னுடையதற்குக் கீழே வைத்தார்.

"ரெண்டாந்தரம்" என்றார்.

"ஏன்? டாக்டரே நல்லா இருக்குன்னு சொன்னாரு!"

மூன்றாவது படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். கடுகிலும் சின்னதாக ஒரு கறுப்பு. எனக்கு முகம் சுட்டது. அந்த மூன்று நாளில் முதல் நாள் சாயந்தரம், அவர் முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்த நேரத்தில், திறந்து கிடந்த மூட்டையைத் தாண்டிப் போனபோது, கை தன்பாட்டுக்குப் போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் ராத்தா" என்றேன்.

"தெரியும் புள்ள" என்று பலகையை மூடினார். "சத்தம் கேட்டிச்சு."