பளிங்கில் இருந்த மூன்று பொட்டு

கறை எடுக்கிற வேலையில் இராஜதுரையை வெல்ல அந்தக் கம்பனியில் ஆள் கிடையாது. நூற்றைம்பது வருடத்து வீடுகளைப் பழுதுபார்த்து, கட்டின நாளில் இருந்தபடி ஆக்கிக் கொடுக்கிற கம்பனி அது. புகை படிந்த கூரைப் பூவேலை, ஏழு தரம் பெயின்ற் பூசிய கதவு, வைன் ஊற்றின பளிங்கு, எதைக் கொடுத்தாலும் மனிசன் சுத்தமாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். துரையைக் கண்டாலே கறை ஓடிவிடும் என்று மேற்பார்வையாளன் வின்சன்ற் பிரெஞ்சில் பகிடி விடுவான்.

இந்த மார்கழியில் அவருக்குக் கொடுத்த வேலை பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். 1869இல் கட்டியது. "விக்டோரியா மகாராணி காலத்துச் சாமான்" என்பார் இராஜதுரை. யாழ்ப்பாணத்து ஆளுக்குப் பழசு என்றால் அந்த மகாராணி கணக்குத்தான், பாரிஸ் ஆனாலென்ன! ஆனால் கடதாசியில் விலாசத்தைப் பார்த்ததும் பகிடி நின்றுபோயிற்று. அவரும் மனைவி கமலராணியும் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீடு அது. சொந்தக்காரர் கட்டடத்தை விற்றதால் நகருக்கு வெளியே லா கூர்னெவுக்குப் போனார்கள். போன இரண்டாம் வருடமே கமலராணி புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகளும் இல்லை. அது தான் இருந்த வீடு என்று அவர் வின்சன்றிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டில் சாமியறைக்கு எங்கே போவது? சாலையில், அதாவது முன்கூடத்தில், சுவரோடு ஒரு பளிங்குக் கணப்படுப்பு பாவனையில்லாமல் அடைத்துக் கிடந்தது. கமலராணி வந்த முதல் கிழமையே அதன் மேல் தட்டில் பிள்ளையாரையும் அம்மனையும் குடியேற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்க முன்னம் பளிங்கின் முகப்பில் மோதிரவிரலால் மூன்று குங்குமப் பொட்டு வைப்பாள். வேலை தெரிந்த மனிசனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்காது.

"இஞ்சேரும், பளிங்கிலை வைக்காதையும். அது சாயத்தைக் குடிச்சிடும். பிறகு ஆர் எடுக்கிறது?"

"நீங்கள்தானே பெரிய கறை டொக்டர். எடுங்கோவன் பாப்பம்."

"மூண்டாவது பொட்டு கீழை சறுக்குது."

"சாமி ஒண்டும் குறை சொல்லேல்லை. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

பதினொரு வருடமும் மூன்றாவது பொட்டு சறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்த வெறும் கூடத்தில் இராஜதுரை தனியே நின்றார். பிள்ளையார் இல்லை, அம்மன் இல்லை, தொங்கின திரைச்சீலை இல்லை. மூன்று பொட்டும் மட்டும் அப்படியே இருந்தன. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் பதினான்கு என்று இலக்கம் எழுதிய சின்ன நீலக் கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. கட்டடக்கலைஞர் ஷார்லோத் போன கிழமை வந்து வீடு முழுக்க இப்படி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். எந்த இலக்கத்துக்கு என்ன செய்வது என்பது வின்சன்றின் கோப்பில் இருந்தது. கீழே போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கேட்கவில்லையே பாவி மனிசன்! கேட்டால், இங்கே யார் இருந்தது என்று பேச்சு வரும். இலங்கைக்காரர் இருந்து பளிங்கைப் பழுதாக்கிப்போட்டினம் என்று வெள்ளைகள் சொல்லும். கமலராணியை அப்படி யாரும் சொல்லக் கேட்க அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. நிற்பாட்டி ஒரு தரம் யோசித்திருக்கலாம். மானம் பெரிதாகத் தெரிந்தது.

மூன்றாவது பொட்டின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். "கோவியாதையும், என்ன" என்றார். பிறகு வெள்ளைக் களிமண்ணைச் சாராயத் திரவத்தில் குழைத்துப் பொட்டுகளின் மேல் தடிப்பாக அப்பி, பிளாஸ்ரிக் தாளால் மூடினார். களி காயக் காயப் பளிங்குக்குள் இருக்கிற சாயத்தை இழுத்துக்கொண்டு வரும். முதல் இரண்டு பொட்டும் இரண்டாம் பூச்சோடு போயின. மூன்றாவது போகமாட்டேன் என்று நின்றது. புதனும் பூசினார், வியாழனும் பூசினார். தூசிக்குப் போடுகிற முகமூடிக்குள் அழுதுகொண்டேதான் பூசினார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசிப் பூச்சை உரித்தார். பளிங்கு பால் வெள்ளை. உரிந்த களியைப் பையோடு குப்பை லொறி கொண்டுபோயிற்று.

பத்து மணிக்கு ஷார்லோத் கமராவுடன் வந்தாள். புதுச்சேரிக் குடும்பம், கிறிஸ்தவப் பெண். வேலைத்தளத்தில் பிரெஞ்சு மட்டுமே பேசுகிறவள், அன்றுதான் அவரிடம் தமிழில் பேசினாள்.

"வணக்கம் அண்ணே. இங்க மூணு குங்குமப் பொட்டு இருந்துச்சே, எங்க?"

இராஜதுரை வெள்ளைப் பளிங்கைக் காட்டினார். "எடுத்திட்டன், பிள்ளை."

"ஐயோ! பதினாலாம் நம்பரத் தொடாதீங்கன்னு எழுதிக் குடுத்தேனே அண்ணே. அதுக்கு மேல கண்ணாடி வெச்சு மூடப் போறோம். வீடு வாங்கினவங்களே ஆசப்பட்டுக் கேட்டாங்க. இங்க வாழ்ந்தவங்களும் சேர்ந்ததுதானே வீடு."

அவள் பிரெஞ்சில் கேட்க, கூட வந்த வின்சன்ற் கோப்பை விரித்துப் பார்த்தான். பதினான்குக்கு நேரே, விட்டுவிடவும் என்றுதான் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே துரை" என்றான். கோபித்துச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் வெச்சாங்களோ தெரியல" என்றாள் ஷார்லோத். "எத்தன வருஷம் அதே எடத்துல வெச்சிருந்தா இப்பிடி ஊறியிருக்கும்! ஒண்ணு மட்டும்..."

"மூண்டாவது" என்றார் இராஜதுரை. "அது சறுக்கும். என்ர மனுசி வைச்சது. நான் அதுக்கு அவவை ஏசுறனான்."

ஷார்லோத் கமராவை மெல்லப் பைக்குள் வைத்தாள். வின்சன்றுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இராஜதுரை வேலை விளக்கை எடுத்துக்கொண்டு கணப்படுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கறை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க விளக்கைப் பக்கவாட்டில் சரித்துப் பிடிக்க வேண்டும். ஊசிமுனை அளவு நிறம் நின்றாலும் காட்டிக் கொடுத்துவிடும். இடமிருந்து பிடித்தார். வலமிருந்து பிடித்தார். பளிங்கில் மூக்கு முட்டக் குனிந்து, மூன்றாவது பொட்டு சறுக்குகிற அந்த இடத்தை அரை மணித்தியாலம் தேடினார்.

ஒன்றுமே இல்லை. அவர் செய்ததிலேயே திறமான வேலை அதுதான்.