காதில் விட்ட நல்லெண்ணெய்

ராணுவத்துக்கு ஆள் எடுத்த முகாமில் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். ஓட்டத்தில் தேறினேன், கம்பியில் பத்து முறை எழும்பினேன். மறுநாள் மருத்துவச் சோதனை. 'காதைச் சுத்தம் செய்து வரவும்' என்று தாளில் போட்டிருந்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"அதுக்கென்னல, நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். திருநெல்வேலியை விட்டுத் திருவனந்தபுரம் வந்து இருபது வருடமாகியும், எங்கள் வீட்டில் காதைச் சுத்தம் செய்ய ஒரே வழிதான். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தலையில் தேய்த்து, மிச்சத்தை இரண்டு காதிலும் விடுவது. சுகமாகத்தான் இருந்தது.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். அழுக்கு எண்ணெயில் ஊறி உப்பி, செவிப்பறையே தெரியவில்லையாம். "எந்தடே இது, செவியில எண்ண ஒழிச்சோ?" என்று, காதில் எண்ணெய் ஊற்றியதைக் கேட்டு உதவியாள் சிரித்தான். ஐந்து நாளில் சரிசெய்துகொண்டு மறுசோதனைக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் போன ஒரு கிளினிக்கில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவினார்களா, குடைந்தார்களா! மறுசோதனையன்று காது சிவந்து சீழ் வடிந்தது. 'அன்ஃபிட்' என்று சீல் குத்திவிட்டார்கள்.

"பத்து நாள்ல ஆறிரும் சார்," என்று கெஞ்சினேன். "ஞான் எந்து செய்யானா? ரூலாணு," என்று விதியைக் காட்டிக் கைவிரித்தார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். தம்பானூரில் அப்பா பொரோட்டா போடும் ஹோட்டலில், கொத்துகிற சத்தத்துக்கு நடுவே கடைசி மேசைக்காரர் முனகுவதைக்கூடப் பிடிக்கிற காது இது! இதுவா உதவாத காது? எண்ணெய் விடாதே என்று தாளில் ஒரு வரி சேர்த்து அச்சடித்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "என்னல சொன்னானுவ?" அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "கண்ணுல பவர் கம்மியாம்," என்றேன்.

"எம்புள்ள கண்ணையா குத்தம் சொன்னானுவ? அவனுவ கண்ணு அவிஞ்சுபோவ!" என்று தெரு கேட்க ஏசினாள்.

இப்போது அதே ஹோட்டலில் நானும் மாவு பிசைகிறேன். அந்த 'அன்ஃபிட்' முத்திரையை நினைத்தால் மாவை ஓங்கி அறைகிறேன். வீட்டில் வாரம் மூன்று நாள் பொன்னாங்கண்ணிக் கீரை. சனிக்கிழமை காலையில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருகிறாள்.

"கண்ணுக்குக் குளிர்ச்சிடே, தலையச் சாய்."

சாய்க்கிறேன். காதிலும் விடுகிறாள்.